தனி வட்டில் லினக்ஸ்: எது பிரிகிறது, எது பிரிவதில்லை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டதும், அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஏறத்தாழ 2017, 2018ஆம் ஆண்டுகளுக்குப் பிந்தைய செயலிகளையும் கட்டாயமாக்கியதும் சேர்ந்து, பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகளின் உரிமையாளர்களை லினக்ஸ் பற்றி யோசிக்க வைத்திருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு லினக்ஸ் நல்லதா கெட்டதா என்பது முதற்கேள்வி அன்று. உள்ளதை இழக்காமல் அதைப் பழகிப் பார்ப்பது எப்படி என்பதே முதற்கேள்வி. இதற்கு அனுபவமுள்ளோர் பலரும் சொல்லும் விடை, விண்டோஸ் இருக்கும் வட்டைத் தொடாமல் வேறொரு வட்டில் லினக்ஸை நிறுவிப் பார்க்கலாம் என்பதாகும். விடை சரியானதே. ஆனால் இரண்டு வட்டுகள் எவற்றைப் பிரிக்கின்றன, எவற்றைப் பிரிக்காமல் விடுகின்றன என்பது அந்த அறிவுரையோடு சேர்த்துச் சொல்லப்படுவது அரிது. தனி வட்டில் நிறுவியும் தொல்லைக்கு உள்ளாவோரின் இடர்கள் பெரும்பாலும் அந்தப் பிரியாத பகுதியிலிருந்தே எழுகின்றன.

மாறுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வழி லினக்ஸ் வரலாறு நெடுகத் தேடப்பட்டு வந்திருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியிலிருந்து தம் கெர்னலை, அதாவது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் அடிப்படை நிரலை, வெளியிட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, டாஸ் இயங்குதளத்தில் இருந்தபடியே லினக்ஸைக் கிளப்பும் லோட்லின் என்ற நிரலும், டாஸின் கோப்புகளுக்கு நடுவிலேயே லினக்ஸின் கோப்புகளையும் வைத்துக்கொள்ள உதவிய உம்ஸ்டாஸ் என்ற கோப்பு முறைமையும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. வட்டில் எதையும் நிறுவாமல் குறுந்தட்டிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டும் முறை இக்டிராசில் என்ற வெளியீட்டில் 1992இலேயே தலைகாட்டியிருந்தாலும், அதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது ஜெர்மனியரான கிளவுஸ் க்னாப்பர் 2000இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ்தான். 2004 அக்டோபரில் பிறந்த உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீடு தன் குறுந்தட்டுகளை உலகின் எந்த மூலைக்கும் அஞ்சலில் இலவசமாக அனுப்பிவந்தது. அந்தச் சேவை 2011 வரை நீடித்தது. 2006ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஓட்டிப் பார்ப்பதும் பிடித்திருந்தால் நிறுவுவதும் ஒரே தட்டிலிருந்து முடிந்தன. 2008இல் உபுண்டுவோடு வந்த வூபி இன்னும் ஒருபடி போய், விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி அதையே வட்டாகப் பாவித்து லினக்ஸை நிறுவியது. வேண்டாமென்றால் வேறெந்த மென்பொருளையும்போல விண்டோஸின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம். கணினியின் தொடக்க முறையே மாறியபோது அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 2013இல் அது கைவிடப்பட்டது.

இன்று எஞ்சி நிற்பவை மூன்று: பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டுவது, விண்டோஸுக்குள்ளேயே மென்பொருளால் ஆன போலிக் கணினியொன்றை, அதாவது மெய்நிகர் கணினியை, உண்டாக்கி அதற்குள் ஓட்டுவது, உண்மையாகவே நிறுவிப் பார்ப்பது. மெய்நிகர் கணினி லினக்ஸின் முகத்தைக் காட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் லினக்ஸ் காண்பது போலி வன்பொருளையே என்பதால், அந்தக் கணினியின் வைஃபை வேலை செய்யுமா, மூடித் திறந்தால் மடிக்கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுமா என்ற, மாறுபவருக்கு மிக முக்கியமான கேள்விகளுக்கு அது விடை தராது. 2016இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் கொண்டுவந்த லினக்ஸ் துணைத்தளத்துக்கும் இது பொருந்தும். நிரலாளர்களுக்கு அது பெரிய வசதி, மாற நினைப்பவருக்கு அது ஒரு சோதனையே அன்று. பென் டிரைவ் முறையில் வன்பொருளைப் பற்றிய விடை ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. ஆயினும் அணைத்தவுடன் செய்த மாற்றங்கள் அழிந்துபோவது ஒருபுறமிருக்க, மலிவான பென் டிரைவ்கள் பெரிய கோப்பொன்றைத் தொடர்ச்சியாகப் படிப்பதற்கு ஏற்றவையே தவிர, இயங்குதளம் கேட்பதுபோல் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கங்கே எழுதவும் படிக்கவும் ஏற்றவை அல்ல. அதனால் லினக்ஸே மந்தமானது என்ற தவறான முடிவோடு சோதனையைக் கைவிடுவோர் உண்டு.

உண்மையாக நிறுவுவதென்றால், ஒரே வட்டை இரண்டாகப் பகிர்ந்துகொள்வதா, தனி வட்டா என்ற கேள்வி எழுகிறது. ஒரே வட்டு முறையில் விண்டோஸின் பகிர்வை, அதாவது வட்டில் அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியை, முதலில் சுருக்கியாக வேண்டும். அந்நேரம் மின்சாரம் போனாலோ வட்டில் பழுது இருந்தாலோ கோப்புகளுக்கு ஆபத்து. பழைய பயோஸ் காலத்தில் இன்னொரு சண்டையும் இருந்தது. கணினி இயக்கப்பட்டதும் வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதில் தொடக்க நிரலுக்கென ஒதுக்கப்பட்ட 446 பைட்டுகளுக்குள் இருப்பதை ஓட்டும் முறை அது. இடம் ஒன்றே என்பதால் கடைசியாக நிறுவப்பட்ட இயங்குதளமே அதற்கு உரிமை கொண்டாடியது, விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள் லினக்ஸ் காணாமல் போனதைக் கண்டார்கள். தனி வட்டு என்ற அறிவுரை வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு முதல் 512 பைட்டு உண்டு, ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது, ஆகவே அப்போது அந்தப் பிரிவினை ஏறக்குறைய முழுமையானதாகவே இருந்தது.

வட்டைத் தேர்வதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. உபுண்டு 25 ஜிபி இடம் கேட்கிறது, லினக்ஸ் மின்ட் 20 ஜிபியைக் குறைந்த அளவாகவும் 100 ஜிபியை வசதியான அளவாகவும் குறிப்பிடுகிறது. ஆகவே சிறிய எஸ்எஸ்டி ஒன்றே சோதனைக்குப் போதும். மேசைக்கணினியில் அதைச் சாட்டா கம்பியில் மாட்டலாம். மடிக்கணினியில் இரண்டாவது எம்.2 இடம் இருந்தால் அங்கே செருகலாம், இல்லையென்றால் யுஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்து இணைக்கலாம். யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வரை கடத்தவல்லது, சாட்டாவின் எல்லை 6 கிகாபிட். அன்றாட வேலையில் இரண்டுக்குமான வேறுபாடு கண்ணில் படுவதில்லை. பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் மட்டும் வேகம் 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். வெளி வட்டில் நிறுவப்பட்ட லினக்ஸைக் கழற்றிச் சென்று வேறு கணினியிலும் ஓட்ட முடிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இதற்கு இணையாக விண்டோஸில் இருந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2020இல் நீக்கிவிட்டது.

யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறை வந்தபின் நிலைமை மாறியது. இது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிலைபொருள். ஒவ்வொரு இயங்குதளத்தின் பூட்லோடரும், அதாவது அதைக் கிளப்பிவிடும் சிறு நிரலும், ஈஎஸ்பி எனப்படும் சிறிய பகிர்வில் சாதாரணக் கோப்பாக இருக்கிறது, எந்தக் கோப்பை முதலில் ஓட்டுவது என்ற பட்டியல் தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. ஒரே ஈஎஸ்பியில் பல பூட்லோடர்கள் சண்டையின்றி இருக்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் பட்டியல் வட்டில் இல்லை, கணினியில் இருக்கிறது என்பதே இங்கு கருதத்தக்கது; வட்டுகள் எத்தனை இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான்.

இதன் முதல் விளைவு நிறுவும்போதே தெரிந்துவிடும். கோப்புகளுக்கெல்லாம் இரண்டாம் வட்டைத் தேர்ந்தெடுத்த பின்னும், பூட்லோடரை மட்டும் முதல் வட்டில் விண்டோஸுக்கு உரிய ஈஎஸ்பியிலேயே கொண்டுபோய் வைத்துவிடும் குறை உபுண்டுவின் பழைய நிறுவியில் பல ஆண்டுகள் நீடித்தது. நிறுவியவருக்கு அது உடனே தெரியாது; இரண்டு இயங்குதளங்களும் ஓடும். வெளி வட்டைக் கழற்றிய அன்றுதான் விண்டோஸும் எழாமல் கருந்திரையில் ஒரு கட்டளைக்குறி மட்டும் நிற்கும், வேறு கணினியில் செருகினால் லினக்ஸும் எழாது. இதற்கான தீர்வு நுட்பமானதன்று: நிறுவும் நேரத்தில் விண்டோஸ் வட்டின் கம்பியைக் கழற்றிவிடுவது, எம்.2 வட்டென்றால் திருகைக் கழற்றி வெளியே எடுத்துவிடுவது. கண்ணுக்குத் தெரியாத வட்டில் எந்த நிறுவியும் எழுத முடியாது. உறையைத் திறக்க விரும்பாத மடிக்கணினிக்காரர், தானியங்கி முறையைத் தவிர்த்துப் பகிர்வுகளைத் தாமே அமைக்கும் வழியைத் தேர்ந்து, இரண்டாம் வட்டில் புதிய ஈஎஸ்பி ஒன்றை உண்டாக்கி, பூட்லோடர் அங்கேதான் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். அதன்பின் எந்த இயங்குதளம் வேண்டும் என்பதை, கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 போன்ற விசையை அழுத்தினால் வரும் நிலைபொருளின் பட்டியலிலிருந்தே தேர்வது, ஒன்றின் பூட்லோடரை மற்றொன்றை நம்பியிருக்கச் செய்வதைவிட மேலானது.

இரண்டாவது விளைவு பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாட்டைச் சார்ந்தது. கையொப்பமிடப்பட்ட பூட்லோடரை மட்டுமே ஓட்ட நிலைபொருள் இசையும் முறை இது. பெரும்பாலான கணினிகளில் நம்பப்படும் கையொப்பம் மைக்ரோசாஃப்டினுடையது என்பதால், உபுண்டு, ஃபெடோரா போன்ற வெளியீடுகள் அந்நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற ஷிம் என்னும் சிறு நிரலைத் தம் பூட்லோடருக்கு முன்னே நிறுத்துகின்றன. 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, குறைபாடுடைய பழைய பூட்லோடர்களை மறுக்கும் எஸ்பாட் என்ற பதிப்புப் பட்டியலை நிலைபொருளின் நினைவகத்தில் எழுதியது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளில் அது எழுதப்படாது என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தும், எல்லா அமைப்புகளையும் அதன் சோதனை கண்டுகொள்ளவில்லை. மறுநாள் லினக்ஸைத் தொடங்கியவர்களில் பலர் பிழைச் செய்தியோடு கணினி அணைந்துபோவதைக் கண்டார்கள். பட்டியல் இருந்தது தாய்ப்பலகையில் என்பதால், லினக்ஸ் தனி வட்டில் இருந்தும் தப்ப முடியவில்லை. சரிசெய்வதற்காகப் பழைய பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்றாலும் அதே பிழைதான் வந்தது. மைக்ரோசாஃப்டின் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது. தனி வட்டின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

மூன்றாவது விளைவு இதைவிட அமைதியானது, ஆனால் இழப்பு என்று பார்த்தால் பெரியது. விண்டோஸ் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர், அதன் சாவியை டிபிஎம் சில்லில் பூட்டிவைத்து, கணினி வழக்கம்போலத் தொடங்கினால் மட்டுமே விடுவிக்கிறது. லினக்ஸுக்காகப் பாதுகாப்பான தொடக்கத்தை நிறுத்தினாலோ தொடக்க வரிசையை மாற்றினாலோ, அது ஊடுருவல் எனக் கருதப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்த மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. தம் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதையே அறியாதவருக்குச் சாவி எங்கே என்பது எப்படித் தெரியும்? புது வட்டு வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை, அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதிவைப்பது.

இன்டெல் செயலிகள் கொண்ட சில மடிக்கணினிகளில் வட்டுகளை ஆளும் முறை ஆர்எஸ்டி என்ற நிலையில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் லினக்ஸ் நிறுவிக்கு வட்டு கண்ணில் படாமல் போவதுண்டு. அதை ஏஹெச்சிஐ நிலைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு வழி பிறக்கும், முன்னேற்பாடு செய்யாத விண்டோஸ் எழாது. ஒரு வட்டுக்காக மாற்றிய அமைப்பு இன்னொரு வட்டைத் தாக்குவதற்கு இதுவும் எடுத்துக்காட்டு. கடிகாரச் சிக்கல் இவற்றோடு ஒப்பிட்டால் வேடிக்கையானது: தாய்ப்பலகைக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தையும் வைப்பதால், இந்தியாவில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளையால் சொல்லிவிட்டால் போதும்.

கோப்புகளைப் பொறுத்தவரை தனி வட்டு தரும் பிரிவினை உண்மையானது; அதை மீறுவது பெரும்பாலும் பயனரே. விண்டோஸ் வட்டில் உள்ள ஆவணங்களை லினக்ஸிலிருந்தே திறக்க முடிகிறது. 2021இல் வந்த 5.15 கெர்னல் முதல் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் எழுதும் திறன் லினக்ஸிலேயே உள்ளடங்கியிருக்கிறது. ஆனால் விண்டோஸ் 8 முதல் இயல்பாக இயங்கும் விரைவுத் தொடக்கம், 'ஷட் டவுன்' சொன்ன பின்னும் கணினியை முழுமையாக அணைக்காமல் கெர்னலின் நிலையை வட்டில் உறையவைத்துவிட்டுப் போகிறது. அந்நிலையில் உள்ள பகிர்வில் லினக்ஸ் எழுத மறுக்கும், வலிந்து எழுதவைத்தால் கோப்புகள் சிதையும். சோதனைக் காலத்தில் விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவைப்பதும், பொதுவான ஆவணங்களை மூன்றாவதாக ஒரு பகிர்விலோ வலைச் சேமிப்பிலோ வைத்துக்கொள்வதும் இதற்குப் போதும்.

இவ்வளவும் பாதுகாப்பைப் பற்றியது. சோதனை என்ற சொல்லுக்குரிய வேலை, வட்டு மாட்டி லினக்ஸ் எழுந்த பிறகுதான் தொடங்குகிறது. சோதிக்கப்பட வேண்டியது இயங்குதளமா, அதன் மேல் நடக்கும் வேலையா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். திரையின் தோற்றத்தை மாற்றுவதிலும் வெளியீடுகளை மாற்றி மாற்றி நிறுவுவதிலும் மாதங்கள் கழிகின்றன. இவ்விடத்தில் பிரெஞ்சு ஜெண்டார்மெரி காவல்படையின் அனுபவம் பயன்படும். அப்படை 2005 முதல் முதற்கண் விண்டோஸிலேயே ஓப்பன்ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக மாறியது. கைகள் அவற்றுக்குப் பழகிய பின், 2008 முதல் அடியிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டுவை வைத்தது. மாற்றத்தின் கடினமான பாதி பயனரின் பழக்கத்தில் இருக்கிறது என்பதையும், அதை இயங்குதளத்தைத் தொடாமலே கடக்கலாம் என்பதையும் அந்த வரிசை காட்டுகிறது. ஏறத்தாழ 15,000 கணினிகளை 2013க்குள் லினக்ஸுக்கு மாற்றிய மியூனிக் மாநகராட்சி 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்ததில் அரசியலுக்கு எவ்வளவு பங்கு, தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் தனி; வெளியாரோடு பரிமாறும் ஆவணங்கள் உருக்குலைவது அங்கே ஓயாத முறையீடாக இருந்தது என்பது தனி மனிதருக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

தமிழில் வேலை செய்பவருக்கு இந்தச் சோதனையில் சில உருப்படிகள் கூடுகின்றன. தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் மூன்றும் லினக்ஸின் எம்17என் தொகுப்பில் கிடைக்கின்றன. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு அதை இணைத்தால் விண்டோஸில் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ செய்த வேலை நடந்துவிடும், யூனிகோட் எழுத்துகள் திரையில் ஒழுங்காகவே தெரியும். சிக்கல் பழைய குவியலில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள், ரோமன் எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் வடிவங்களை மாட்டியவை. எழுத்துருவை நகலெடுத்து வைத்தால் அவற்றைப் படிக்கலாம், ஆனால் அவற்றுக்கென உருவான விசைப்பலகை மென்பொருள்களும் பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்புக் கருவிகளும் லினக்ஸுக்கென வெளியிடப்படாதவை. அச்சகத்தோடு கோப்புப் பரிமாறும் ஒருவர் முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். கடைக் கணக்கை டாலியில் வைத்திருப்பவருக்கும் மின்னணுக் கையொப்பச் சில்லைச் செருகி வரிப் படிவம் அனுப்புபவருக்கும் இதுவே நிலை. டாலி விண்டோஸுக்கென ஆனது, கையொப்பச் சில்லுக்கு வேண்டிய மென்பொருள்கள் விண்டோஸை முன்வைத்தே வழங்கப்படுகின்றன. விளையாட்டுகள் பற்றி இப்படிக் கவலைப்பட வேண்டியது குறைந்துவிட்டது: வால்வ் நிறுவனம் 2018இல் தந்த புரோட்டான் விண்டோஸ் விளையாட்டுகளில் பலவற்றை லினக்ஸிலேயே ஓடவைக்கிறது, கெர்னல் வரை இறங்கி ஏமாற்றுக்காரரைத் தேடும் வேலரன்ட் போன்றவை மட்டும் ஓடாது.

தனி வட்டின் பெரிய நன்மையான எளிய திரும்பல், சோதனைக்கு எதிராகவும் வேலை செய்யக்கூடியது. அச்சுப்பொறி ஒருமுறை முரண்டினால் கணினியை மறுதொடக்கம் செய்து விண்டோஸுக்குப் போய்விடலாம். அங்கே மின்னஞ்சல் திறந்திருக்கும், கடவுச்சொற்கள் நினைவில் இருக்கும், அன்று மாலை வரை அங்கேயே இருந்துவிட வாய்ப்புண்டு. லினக்ஸ் வட்டு மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடந்து, பிறகொரு நாள் புதுப்பிப்புகளின் மூட்டையோடு எழும்போது இன்னும் அந்நியமாகத் தெரியும். இதைத் தவிர்க்க விரும்புவோர் தொடக்க வரிசையில் லினக்ஸை முதலில் வைத்து, விண்டோஸுக்குப் போக வேண்டுமென்றால் விசை அழுத்தித் தேர்ந்தாக வேண்டும் என்று அமைத்துக்கொள்வதும், உலாவியையும் மின்னஞ்சலையும் முதல் நாளே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிடுவதும் பயன்தரும். அத்தோடு, ஒவ்வொரு முறை விண்டோஸுக்குப் போனதன் காரணத்தையும் ஒரு வரியில் குறித்துவைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் சேரும் அந்தக் குறிப்பே சோதனையின் முடிவாக அமையும். அதில் டாலி ஒன்றே திரும்பத் திரும்ப வருமானால், லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியில் விண்டோஸை வைத்து அந்த ஒன்றை மட்டும் ஓட்டலாம். பாதி வேலைகள் அதில் இருந்தால் மாறாமல் இருப்பதே அறிவு. இரண்டு வட்டுகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவதும் குறைபட்ட முடிவன்று, புதுப்பிப்புகளை இரண்டு இடத்தில் பார்த்துக்கொள்ளும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

முழுவதும் மாறத் துணிந்தவருக்கு எஞ்சுவது பழைய வட்டு. விண்டோஸ் 10 முதல் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்ட எண்ணிம உரிமமாக இருப்பதால், வட்டை அழித்தால் உரிமம் போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. பின்னொரு நாள் அதே கணினியில் விண்டோஸை நிறுவினால் அது தானே உயிர்பெறும். நிலைபொருளைப் புதுப்பிக்க விண்டோஸ் வேண்டுமே என்ற தயக்கமும் முன்பிருந்த அளவுக்கு இல்லை. டெல், லெனோவோ போன்ற நிறுவனங்கள் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி வழியாக லினக்ஸிலேயே அந்தப் புதுப்பிப்புகளைத் தருகின்றன. கவனம் வேண்டிய இடம் வேறு. இரண்டு வட்டுகள் இருந்த காலத்தில், பழைய வட்டில் ஒரு படி இருக்கிறது என்ற எண்ணத்தில் பலர் தனியே காப்பு நகல் எடுப்பதை விட்டுவிடுகிறார்கள். ஒரே உறைக்குள், ஒரே மின்வழங்கியில் இருந்த அந்தப் படி காப்பு நகலாகவே இருந்ததில்லை, பிட்லாக்கர் பூட்டியிருந்தால் சாவியின்றி அது படியும் அன்று. ஆகவே பழைய வட்டை அழித்து லினக்ஸுக்குக் கொடுக்கும் நாளுக்கு முன், அதிலுள்ளவற்றைக் கணினிக்கு வெளியே ஒரு வட்டில் எழுதி, அந்த வட்டை லினக்ஸில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.